நடு நாற்காலிக்குக் கேட்காத பேஸ்

ஒயரை மாற்றியது நீங்கள்தான். என் வலது பெட்டியின் பிளஸ்ஸை மைனஸ் ஆக்கியது நீங்கள்தான். கைதவறி நடந்தது இல்லை அது. நான் கட்டியிருந்த அடையாளத்தை அவிழ்த்து, அடுத்த ஒயரில் கட்டிவிட்டுச் செய்தீர்கள்.

இத்தனை வருஷம் இதை நான் யாருக்கும் எழுதிச் சொன்னதில்லை. போன மாதம் மயிலாடுதுறையில் மைக் செட்காரர்கள் கூட்டத்தில் உங்களுக்குச் சால்வை போட்டார்கள். போடட்டும். மூன்று லாரி நிறைய சாமான் வைத்திருக்கிறீர்கள், போடத்தான் செய்வார்கள். ஆனால் நீங்கள் மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னீர்கள்: "எங்க ஊர்ல ஒருத்தன் பத்தாயப் பலகையில பேஸ் பெட்டி செஞ்சான். நெல்லக் கொட்டி வச்சிருந்தா நல்லா இருந்திருக்கும். சத்தம்தான் வரல."

மண்டபமே சிரித்தது. நான் நான்காவது வரிசையில் இருந்தேன். என் பக்கத்தில் இருந்தவர் என் தொடையில் தட்டிச் சிரித்தார். அந்த ஒருத்தன் நான்தான் என்று அவருக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். என்னைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னீர்கள்.

எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை. எரிந்துபோன ஸ்பீக்கருக்குச் செப்புக் கம்பியில் காயில் சுற்றித்தான் பழக்கம். வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். படிக்கிறவர்கள் முடிவு செய்யட்டும்.

நீங்களும் நானும் ஒரே பெஞ்சில் வேலை கற்றவர்கள். குத்தாலத்தில் கடைத்தெரு முனையில் இருந்த ரேடியோக் கடை. மைக் செட்டும் வாடகைக்கு விடுவார்கள். நீங்கள் கல்லூரியில் ஒட்டாமல் திரும்பி வந்ததால் உங்கள் அப்பா அங்கே கொண்டுவந்து விட்டார். நான் குழாய் ஸ்பீக்கர் சுமக்கப் போய், சால்டரிங் அயர்ன் பிடிக்கக் கற்றுக்கொண்டேன். கடைக்குள் உங்களை 'நீ' என்றுதான் கூப்பிட்டேன். நீங்களும் ஒன்றும் சொன்னதில்லை. மாலையில் பஸ் நம் ஊர் மதகடியில் நின்றதும் 'நீங்க' ஆகிவிடும். உங்கள் வீடு பெரிய தெருவில், எங்கள் வீடு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். உங்கள் அப்பா நிலத்தில்தான் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு வேலை.

கட்சிக் கூட்டங்களுக்கு நாம் இரண்டு பேரும் சேர்ந்து மைக் கட்டியிருக்கிறோம். மேடையில் கருப்புச் சிவப்பில் ஒயர் இழுத்தால் ஒரு கட்சிக்காரர் தட்டிக்கொடுப்பார், இன்னொரு கட்சிக்காரர் முறைப்பார். எந்தக் கட்சி மேடையாக இருந்தாலும் எல்லாரும் சமம் என்றுதான் நம் மைக்கில் பேசினார்கள். அந்தக் கூட்டங்கள் நடந்த நம் ஊர்த் திடலிலேயே திருவிழா வந்தால் இடது பக்கம், வாய்க்கால் கரையோரமாக, ஒரு கயிறு கட்டுவார்கள். எங்கள் தெரு ஆட்கள் அந்தக் கயிற்றுக்குப் பின்னால் நின்று பார்க்க வேண்டும். ஆட்சி மாறியது. கயிறு மாறவில்லை. "கூட்டம் நெருக்காம இருக்கத்தான்" என்பார் உங்கள் அப்பா. அவர்தான் திருவிழாக் கமிட்டித் தலைவர்.

அந்த வருஷம் தையில், சம்பா அறுப்பில், கூலித் தகராறு வந்தது. உங்கள் அப்பாவும் இன்னும் நான்கைந்து பேரும் சேர்ந்து வெளியூரிலிருந்து லாரியில் ஆள் இறக்கினார்கள். எங்கள் தெரு மதகடியில் உட்கார்ந்து லாரியை மறித்தது. நானும் உட்கார்ந்தேன். என் அக்கா முதல் வரிசையில் உட்கார்ந்தது. போலீஸ் வந்தது, பதினோரு பேரை ஏற்றிக்கொண்டு போனது, மறுநாள் விட்டது. அறுப்பு எப்படியோ முடிந்தது. அதற்குப் பிறகு உங்கள் அப்பா சொல்லியனுப்பினார்: லாரியை மறித்தவர்கள் களத்துக்கு வந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, தப்பு என்று சொன்னால்தான் இனி வேலை.

நான் சொல்ல மாட்டேன் என்றேன். கடையில் வேலை இருந்தது, அந்தத் திமிர். மாசியில் கடைக்காரர் என்னை நிறுத்திவிட்டார். "போலீஸ் கேஸ்னு சொல்றாங்கப்பா, எனக்கு எதுக்கு வம்பு" என்றார். நல்ல மனுஷன்தான். பயந்துவிட்டார். என்னை நிறுத்தியதற்கு ஈடாக, இரண்டு மாசத்துக்கு ஒரு பழைய ஆம்ப்ளிஃபயரை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்.

அப்போதுதான் மாஸ்டர் வந்தார். மயிலாடுதுறையில் இன்னிசைக் குழு வைத்திருந்தவர். ஆர்மோனியமும் கீபோர்டும் அவர்தான் வாசிப்பார். பட்டணத்துக் குழுக்கள் பேஸுக்கென்றே தனிப் பெட்டி கொண்டுவருவதை எங்கேயோ பார்த்துவிட்டார். சப் ஊஃபர் என்ற பெயரெல்லாம் நம் பக்கம் பிறகுதான் வந்தது. பேஸ் பெட்டி என்றுதான் சொன்னோம். அதை விலைக்கு வாங்க அவரால் முடியாது. நம் இரண்டு பேரையும் அவருக்குத் தெரியும். "ஆளுக்கொரு ஜோடி செய்யுங்க தம்பி. பங்குனி கடைசியில ஒங்க ஊர்த் திடல்லயே வச்சு, என் பேண்டையும் வாசிக்க வச்சு கேப்போம். எது நல்லா இருக்கோ அதச் செஞ்சவன் சீசன் முழுக்க என்னோட வரட்டும்" என்றார்.

எனக்கு அதற்கு என்ன அர்த்தம் என்று சொல்லத் தேவையில்லை. ஜெயித்தால் குழுவோடு வண்டி ஏறலாம். தோற்றால் உங்கள் அப்பா களத்தில் போய் நிற்க வேண்டும். வேறு வழி இல்லை. உங்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. தோற்றிருந்தால் நீங்கள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கியிருப்பீர்கள்.

உங்கள் பெட்டி மோசம் என்று நான் எங்கேயும் சொன்னதில்லை. இப்போதும் சொல்லவில்லை. நல்ல பிளைவுட், புத்தகத்தில் இருந்த படத்தை அப்படியே பார்த்துச் செய்தது, உள்ளே மடிப்பு மடிப்பாகத் தடுப்பு. தூக்க இரண்டு பேர் போதும். டிரம்ஸ்காரன் காலால் மிதிக்கிற அடிக்கு உங்கள் பெட்டி பளீரென்று பேசும். ஆனால் பேஸ் கிடார் வாசித்தால் ஒரே ஒரு சுரத்தில் மட்டும் ஊதும், மற்ற சுரமெல்லாம் கிணற்றுக்குள் போய்விடும். அது உங்களுக்கும் தெரியும். தடுப்புப் பலகையை மூன்று தரம் கழற்றி மாட்டினீர்கள்.

எனக்கு பிளைவுட் கிடைக்கவில்லை. உங்கள் வீட்டில் பாகப்பிரிவினை ஆனபோது பழைய பத்தாயத்தைப் பிரித்து விறகு விலைக்குப் போட்டார்கள். என் மச்சான், அதாவது அக்கா வீட்டுக்காரர், வண்டியில் ஏற்றிவந்தார். பலாப் பலகை. இரண்டு விரல் கனம். அதில்தான் செய்தேன். வெளிப் பெட்டிக்குள் ஒரு உள் பெட்டி, இரண்டுக்கும் நடுவில் காவிரி மணலைச் சலித்துக் காயவைத்துக் கொட்டினேன். பலகை அதிரக் கூடாது, காற்றுத்தான் அதிர வேண்டும். காற்றுப் போக முன்னால் ஒரு துளை போட்டு, போர் போட்ட இடத்தில் மிஞ்சிய பிளாஸ்டிக் குழாயைச் சொருகினேன். தூக்குவதற்கு ஆறு பேர் வேண்டும். அதுதான் என் பெட்டியின் குறை. ஒத்துக்கொள்கிறேன்.

அந்தக் குழாய் எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட எனக்குத் தெரியாது. அக்காதான் வழி கண்டுபிடித்தது. முறத்தில் ஒரு பிடி நெல்லும் ஒரு பிடி பதரும் கலந்து எடுத்துக்கொண்டு வந்தது. அறுத்த வயலில் பெட்டியை வைத்து, மாஸ்டரின் பேஸ் கிடார்காரர் வாசித்த கேசட்டைப் போடுவேன். அக்கா முறத்தை ஏந்திக்கொண்டு பின்னால் நடந்துகொண்டே போகும். பக்கத்தில் இருக்கும்போது நெல் துள்ளும். தள்ளிப் போனால் நெல் படுத்துவிடும், பதர் மட்டும் நடுங்கும். பதரும் நிற்கிற இடத்தில் ஒரு குச்சி நடுவோம். பிறகு குழாயில் ஒரு விரற்கடை அறுப்பேன். மறுபடி நடக்கும். காது ஏமாற்றும். நமக்கு வேண்டிய சத்தம் நல்ல சத்தமாகத்தான் கேட்கும். முறத்துக்கு யார் பெட்டி என்று தெரியாது.

உங்கள் பெட்டியையும் அக்கா அளந்தது. நீங்கள் மாட்டுக்கொட்டாய்க்கு முன்னால் வைத்துப் பார்த்தீர்களே, அன்றைக்கு இடுப்பில் முறத்தோடு பெரிய தெரு வழியாக ஒரு நடை போய்விட்டு வந்தது.

"குச்சி நட முடியல. கண்ணால வச்சுக்கிட்டேன். ஒத்த வைக்கப்போருக்குத்தான் வருது. ஒன்னது ரெண்டு வைக்கப்போர் தாண்டுது."

"யாராவது பாத்தாங்களாக்கா?"

"பெரியவரே பாத்தாரு. என்னடி மொறத்தத் தூக்கிட்டு வேடிக்க பாக்குறன்னாரு. பதரு பொடைக்க நெழலு தேடுறேங்கன்னேன்."

இப்போது ஒயருக்கு வருகிறேன். பெட்டியிலிருந்து வெளியே வருகிற இரண்டு ஒயரில் ஒன்று பிளஸ், ஒன்று மைனஸ். இரண்டு பெட்டி வைத்தால் இரண்டும் ஒரே மாதிரி இணைய வேண்டும். இல்லாவிட்டால் ஒரு ஸ்பீக்கர் காற்றை முன்னே தள்ளும்போது இன்னொன்று பின்னே இழுக்கும். இரண்டுக்கும் சரி நடுவில் நிற்கிறவனுக்கு ஒன்றை ஒன்று தின்றுவிடும், பேஸே இருக்காது. ஓரத்தில் நிற்கிறவனுக்கு அந்தப் பக்கத்துப் பெட்டி நன்றாகவே கேட்கும். இது நம் இரண்டு பேருக்கும் பெஞ்சிலேயே தெரியும்.

எனக்குக் கிடைத்த ஒயர் இரண்டும் கருப்பு. எரிந்துபோன பம்பு மோட்டாரிலிருந்து உருவியது. அடையாளத்துக்கு பிளஸ் ஒயரில் வாழை நார் கட்டினேன். நாற்று முடி கட்டுகிற மாதிரி. நாற்றுப் பறித்தவர்களுக்குத் தெரியும்: இரண்டு சுற்றுச் சுற்றி, முறுக்கி, நுனியைச் சுற்றுக்கு அடியிலே சொருகிவிடுவது. முடிச்சே கிடையாது. தானாக அவிழாது, நடுகிறவள் ஒரு இழுப்பு இழுத்தால் வந்துவிடும். என் கை அப்படித்தான் கட்டும். வேறு மாதிரி கட்ட யோசிக்கவே மாட்டேன். நார் கட்டினது பிளஸ் என்று குத்தாலத்துக் கடையிலேயே செய்துகொண்டிருந்தேன். நீங்கள் கேலி செய்திருக்கிறீர்கள். "என்னடா, ஸ்பீக்கர நடவு நடப் போறியா?"

பங்குனி கடைசியில் அந்த நாள் வந்தது. மத்தியானம் மூன்று மணிக்கு மேல் ஆள் சேர ஆரம்பித்தது. மேடை கீற்றுப் பந்தல். மாஸ்டர் குழுவில் டிரம்ஸ், பேஸ் கிடார், தபேலா என்று நான்கைந்து பேரை மட்டும் கூட்டி வந்திருந்தார். மேடைக்கு நேர் நடுவில் நாற்காலிகள். உங்கள் அப்பா, கமிட்டி ஆட்கள், ஒரு நாற்காலி மாஸ்டருக்கு. பின்னால் பெரிய தெரு தரையில். இடது ஓரத்தில் கயிறு. கயிற்றுக்குப் பின்னால் எங்கள் தெரு.

உங்கள் அப்பா எழுந்து சொன்னார்: "ஒண்ணு எம் மவன் செஞ்சது. நாளைக்கு யாரும் ஒண்ணும் சொல்லக் கூடாது. களத்துல நெல்ல வாரப் பங்கு பிரிக்கிற மாதிரி செஞ்சுடுவோம். ஒருத்தன் குவிக்கட்டும், இன்னொருத்தன் அள்ளட்டும். அவன் பெட்டிய இவன் மாட்டணும், இவன் பெட்டிய அவன் மாட்டணும்."

எல்லாரும் நியாயம் என்றார்கள். நானும் நியாயம் என்றேன். இன்றைக்கு வரைக்கும் அந்த மனுஷன் அதை நல்ல எண்ணத்தில்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். அவர் மேல் எனக்கு வேறு கோபம் உண்டு. இது இல்லை.

முதலில் உங்கள் ஜோடி. நான் மாட்டினேன். உண்மையைச் சொல்கிறேன், உங்கள் வலது பெட்டியின் ஒயர் என் கையில் இருந்தபோது திருப்பிப் போட்டுவிடலாமா என்று தோன்றியது. ஒரு நொடி நிற்கவும் செய்தேன். போடவில்லை. நல்லவன் என்பதால் இல்லை. நீங்கள் பக்கத்தில் நின்று என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஆம்ப்ளிஃபயரில் பிளஸ் முனை சிவப்பு, மைனஸ் முனை கருப்பு. உங்கள் சிவப்பு ஒயரைச் சிவப்பில், கருப்பைக் கருப்பில் மாட்டினேன்.

உங்கள் பெட்டி வாசித்தது. டிரம்ஸ் அடிக்கு நாற்காலிகள் தலையாட்டின. கிடார் வந்தபோது அந்த ஒரு சுரம் ஊதியது. மாஸ்டர் முகத்தைச் சுளித்தார். நான் பார்த்தேன்.

அடுத்து என் ஜோடி. உங்கள் பெட்டிகளை இறக்க வேண்டும், என் பெட்டிகளை ஏற்ற வேண்டும். ஆறு பேர் வேண்டும் என்பதால் எங்கள் தெரு ஆட்கள் கயிற்றைத் தாண்டி வந்தார்கள். அப்போது யாரும் ஒன்றும் சொல்லவில்லை, சுமக்கத்தானே. இடது பெட்டியை ஏற்றினோம். வலது பெட்டியையும் ஏற்றி வைத்தோம். "நீங்க போய் அந்த ரெண்டையும் வண்டியில ஏத்துங்கடா, நான் மாட்டிடுறேன்" என்றீர்கள். போனோம். உங்கள் பெட்டிகளை உங்கள் வண்டியில் நாங்கள் ஏற்றிக்கொண்டிருந்த நேரம் முழுக்க என் ஒயர்கள் உங்கள் கையில் இருந்தன. யாரும் உங்கள் விரலைப் பார்க்கவில்லை.

திரும்பி வந்து நான் ஒரு பார்வை பார்த்தேன். இடது பெட்டி: நார் கட்டின ஒயர் சிவப்பில். வலது பெட்டி: நார் கட்டின ஒயர் சிவப்பில். சரி என்று விட்டுவிட்டேன். இதுதான் நான் செய்த தப்பு. ஒரு பேட்டரி செல்லை வைத்துத் தொட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நாரைப் பார்த்தேன், அதைக் கட்டியிருந்த விதத்தைப் பார்க்கவில்லை.

வாசிக்க ஆரம்பித்தார்கள். என்னை மேடையின் வலது மூலையில், ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். எனக்கு நன்றாகக் கேட்டது. கால் வழியாக ஏறியது. ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக நின்றது. ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். இடது ஓரத்தில் எங்கள் தெரு ஆட ஆரம்பித்துவிட்டது. ஒருத்தன் சட்டையைக் கழற்றிச் சுற்றினான்.

நடுவில் நாற்காலிகள் அசையாமல் இருந்தன. உங்கள் அப்பா ஒரு பக்கம் சாய்ந்து பக்கத்து ஆளிடம் ஏதோ கேட்டார். அவர் உதட்டைப் பிதுக்கினார்.

உங்கள் அப்பா கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். "என்னப்பா, பேஸ் எங்க? இன்னும் மாட்டலியா?"

தரையில் இருந்து ஒரு குரல்: "பத்தாயத்துக்குள்ள எலி இருக்கும்ங்க, அது தின்னுருக்கும்." பெரிய தெரு சிரித்தது.

அக்கா கயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்தியது: "இங்க வந்து கேளுங்க! நெஞ்சு குலுங்குது இங்க! வந்து நின்னு பாருங்க!"

"ஒங்களுக்கு லாரிய மறிச்சாலே நெஞ்சு குலுங்கும்" என்றார் ஒரு கமிட்டிக்காரர்.

"ஆமாங்க, ஒங்களுக்குக் குலுங்காது. நாக்காலி அமுக்கிப் புடிச்சிருக்கு!"

"ஏய், வாய அடக்கு" என்றார் உங்கள் அப்பா. "கச்சேரி நடுவுல ஒக்காந்து கேக்குறவங்களுக்கா, ஓரத்துல நிக்கிறவங்களுக்கா? நாங்க ஏழு பேரு இங்க ஒக்காந்திருக்கோம், ஒருத்தருக்கும் கேக்கல. அங்க கேக்குதுன்னா அது அவன் தம்பிங்கிறதால கேக்குது."

மறுபடி வாசிக்கச் சொன்னார்கள். அப்போது மாஸ்டர் எழுந்தார். நாற்காலியை விட்டு இடது பக்கமாக நடந்து, கயிற்றுக்கு அருகில் போய் நின்றார். தலையைக் குனிந்து கேட்டார். அவர் முகம் மாறியதை மேடையிலிருந்து நான் பார்த்தேன். திரும்ப நடுவுக்கு வந்து நின்றார். மறுபடி ஓரத்துக்குப் போனார். முப்பது வருஷம் சுருதி பார்த்த காது. அவருக்குப் புரியாமல் இருக்குமா? உங்களையும் பார்த்தார். நீங்கள் கீழே ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தீர்கள். யாரும் சுருட்டச் சொல்லவில்லை.

மாஸ்டர் வந்து உட்கார்ந்தார். உங்கள் அப்பா, "என்ன சொல்றீங்க?" என்றார்.

"தலைவர் சொன்னா சரிதான்" என்றார் மாஸ்டர். வருஷா வருஷம் அந்தத் திடலில் அவருக்குக் கச்சேரி வேண்டும்.

எங்கள் தெரு ஆட்கள் ஆறு பேர் பெட்டியை இறக்கினார்கள். சட்டையைச் சுற்றினவன் சட்டையைப் போட்டுக்கொண்டான்.

இரண்டு நாள் நான் பெட்டி இருந்த கொட்டகைப் பக்கமே போகவில்லை. என் காதில்தான் கோளாறு, மேடை மூலையில் நின்றதால் ஏமாந்துவிட்டேன் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் காலையில் கோடாலி எடுத்துக்கொண்டு போனேன். அக்கா வாசலில் முறத்தோடு நின்றது.

"வெட்டுறதுன்னா வெட்டு. ஒரு தரம் போட்டுக் காட்டிட்டு வெட்டு. நான் கேட்டது பொய்யான்னு எனக்குத் தெரியணும்."

திடலில் வைத்த மாதிரியே, எடுத்துவந்த ஒயரோடு, இரண்டு பெட்டியையும் வயலில் தள்ளித் தள்ளி வைத்தோம். கேசட்டைப் போட்டேன். அக்கா இடது பெட்டிக்கு முன்னால் போனது, நெல் துள்ளியது. வலது பெட்டிக்கு முன்னால் போனது, நெல் துள்ளியது. "பாத்தியா?" என்றது. பிறகு ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்குக் குறுக்கே நடந்தது. சரி நடுவில் வந்ததும் நின்றது. முறத்தைப் பார்த்தது. என்னைப் பார்த்தது.

நெல் படுத்திருந்தது. பதர் கூட அசையவில்லை.

ஒரு எட்டு இடது பக்கம் வைத்தது, பதர் நடுங்கியது. ஒரு எட்டு திரும்ப வைத்தது, நின்றது.

டார்ச் லைட்டிலிருந்து ஒரு செல்லை எடுத்து, வலது பெட்டியின் ஒயரில் தொட்டேன். நார் கட்டின ஒயரில் செல்லின் பிளஸ் தலை. ஸ்பீக்கர் வெளியே வர வேண்டும். உள்ளே போனது. மறுபடி தொட்டேன். உள்ளே போனது.

அப்போதுதான் நார் கட்டியிருந்த விதத்தைப் பார்த்தேன். இடது பெட்டி நார் நாற்று முடி மாதிரி இருந்தது, சுற்றிச் சொருகினது. வலது பெட்டி நாரில் இரட்டை முடிச்சு. இறுக்கிப் போட்டது. அக்கா குனிந்து பார்த்துவிட்டுக் காறித் துப்பியது.

"இது நாத்துப் பறிச்ச கை இல்லடா."

எங்கள் தெருவில் சின்னப் பிள்ளை கூட அப்படிக் கட்டாது. அப்படிக் கட்டினால் நடுகிறவள் வயலில் நின்றபடியே அம்மாவைச் சேர்த்துத் திட்டுவாள். ஒயரை மாற்ற உங்களுக்குத் தெரிந்தது. அடையாளத்தையும் மாற்ற வேண்டும், நான் பார்ப்பேன் என்றும் தெரிந்தது. நாரைக் கட்ட மட்டும் தெரியவில்லை. ஒரு நாள் கூட சேற்றில் இறங்காதவர் நீங்கள்.

ஒயரைத் திருப்பி மாட்டினேன். அக்கா நடுவில் போய் நின்றது. நெல் முறத்திலிருந்து எகிறி வெளியே விழுந்தது. அக்கா சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

அன்றைக்கே உங்கள் வீட்டுக்கு வந்தேன். கொல்லைப்புற வாசலில் நின்று கூப்பிட்டேன். வந்தீர்கள்.

"நாரை யாருங்க மாத்திக் கட்டுனது?"

"எந்த நாரு?"

"வலது பெட்டி நாரு. ரெட்ட முடிச்சு போட்டிருக்கு."

"பிளஸ் மைனஸ் தெரியாம பெட்டி செய்ய வந்துட்டு, நாரு கதையெல்லாம் சொல்லிட்டுக் கெடக்காத. போடா."

கதவு வரைக்கும் போய்விட்டுத் திரும்பி, "அப்பா காதுல விழப்போவுது" என்றீர்கள். அது மிரட்டலா, பயமா என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. நான்தான் மாற்றினேன் என்று நீங்கள் சொல்லியிருக்கலாம். அங்கேயே சொல்லியிருந்தால் இந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

மாஸ்டரிடம் போனேன். எல்லாவற்றையும் கேட்டார். "அடுத்த வருஷம் பாத்துக்கலாம் தம்பி" என்றார். தெரியாது என்று சொல்லவில்லை. கவனியுங்கள். தெரியாது என்று அவர் சொல்லவே இல்லை.

வாழை நார் எத்தனை நாள் இருக்கும்? வெயிலில் காய்ந்து உதிர்ந்துபோனது. அந்த முடிச்சைக் காட்டு என்றால் என்னிடம் இல்லை. பார்த்தது நானும் அக்காவும்தான். எங்கள் பேச்சைக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் யார் கேட்பார்கள்?

உளுந்து பறிக்க ஆள் எடுக்கிற நாளில் களத்துக்குப் போனேன். லாரி மறித்ததில் கடைசியாகப் போனவன் நான்தான். அக்கா போகவில்லை. அது கடைசி வரைக்கும் போகவில்லை, பக்கத்து ஊருக்கு நடந்துபோய் வேலை செய்தது. நான் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றேன். உங்கள் அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஒயர் புடிச்ச கைக்கு உளுந்து பறிக்க வருமா?"

"வரும்ங்க."

"சொல்ல வேண்டியதச் சொல்லு."

சொன்னேன். தப்புத்தான் என்றேன். சத்தமாகச் சொல் என்றார், சத்தமாகச் சொன்னேன். நீங்கள் களத்து மேட்டில் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். துடைத்த இடத்தையே துடைத்தீர்கள். தலையைத் தூக்கவில்லை. சிரித்திருந்தால் கூட நான் மறந்திருப்பேன்.

மறு வாரம் மாஸ்டரின் வண்டியில் நீங்கள் ஏறிப் போனீர்கள். அந்தச் சீசனில் ஆரம்பித்ததுதான் உங்கள் மூன்று லாரியும். என் பெட்டியின் மணலை வீட்டுத் தரைக்குக் கொட்டினேன். பலகை கொட்டகைக் கதவானது. மூன்று வருஷம் கழித்து மயிலாடுதுறை வந்து, ஸ்பீக்கருக்குக் காயில் கட்டுகிற வேலையில் உட்கார்ந்தேன். இன்றைக்கும் அதுதான். உங்கள் லாரி ஸ்பீக்கர்களும் என்னிடம்தான் வருகின்றன. உங்கள் ஆட்கள் கொண்டுவருவார்கள், நீங்கள் வருவதில்லை. பிளஸ் எது மைனஸ் எது என்று ஒவ்வொன்றிலும் சரியாகப் பார்த்துத்தான் அனுப்புகிறேன்.

உங்கள் சொத்தில் பங்கு கேட்கவில்லை. போன வருஷங்களைத் திருப்பித் தரச் சொல்லவில்லை. நீங்கள் மைக்கில் சொன்னீர்கள், அதனால் நானும் மைக்கில்தான் கேட்பேன். சித்திரைத் திருவிழா வருகிறது. இந்த வருஷமும் உங்கள் செட்தான் என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். அதே திடல். முதல் நாள் கச்சேரி தொடங்குவதற்கு முன்னால் நான் வருகிறேன். அக்காவும் வரும், முழங்கால் வலியோடு, முறத்தோடு. ஒரு பிடி நாற்றும் இரண்டு வாழை நாரும் கொண்டுவருகிறேன். ஒன்றில் நான் முடி கட்டுகிறேன். இன்னொன்றில் நீங்கள் கட்டுங்கள், ஊர் பார்க்கட்டும். கட்டிவிட்டு, உங்கள் மைக்கிலேயே, எல்லாப் பெட்டியையும் போட்டுவைத்து, ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்: என் வலது பெட்டி நாரை அவிழ்த்துக் கட்டியது யார்?

நடுவில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் கேட்க வேண்டும். வாய்க்கால் கரையில் நிற்பவர்களுக்கும் கேட்க வேண்டும். சொல்லுங்கள்.